எதிரில் இருப்பவருக்கும் ஒரு மேலதிகாரி உண்டு

வாசகர் கேள்வி - பதில்

கிளையன்ட்டுகளோடு வேலை செய்வது பற்றி வந்த கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டதால், இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் மென்பொருள் புராஜெக்ட்களை நடத்தியவன் என்ற முறையில், எனக்கு நேர்ந்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆறு மாதமாக டீம் லீடாக இருக்கிறேன். கிளையன்ட் தரப்பு அதிகாரி முன்பெல்லாம் போனில் நன்றாகப் பேசுவார். ஒரு டெலிவரி தள்ளிப்போனதிலிருந்து எல்லாம் மெயில்தான். ஒவ்வொன்றிலும் அவருடைய மேலதிகாரிக்கும் என்னுடைய மேலதிகாரிக்கும் சிசி, அதாவது நகல். தாமதம் வெறும் மூன்று நாள். இதற்கா இவ்வளவு கோபம்?

பதில்: எனக்கு அதில் கோபத்தைவிடப் பயம்தான் தெரிகிறது. அந்தத் தாமதம் அவருக்கு எப்போது, யார் மூலம் தெரியவந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என் சந்தேகமெல்லாம் அங்கேதான்.

எனக்கு இதே நடந்திருக்கிறது. ஒரு பில்லிங் மென்பொருள் திங்கட்கிழமை புழக்கத்துக்கு வர வேண்டும். பழைய பாக்கிக் கணக்குகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை அதற்குள் முடியாது என்று முந்தைய புதன்கிழமை மாலையே எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று வியாழக்கிழமையைக் கடத்தினேன். வெள்ளி மதியம், "ராத்திரி உட்கார்ந்தா முடிச்சிடலாம் சார்" என்றார்கள் பையன்கள். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். மாலை ஆறரைக்கு, வேறு வழியில்லாமல், ஒரு மெயில் அனுப்பினேன். இரண்டு பத்தி, மரியாதையான வார்த்தைகள், புதுத் தேதி. அதற்குள் அந்த அதிகாரி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். திங்கள் காலை அவர்களுடைய நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, "இன்று முதல் புது பில்லிங்" என்று அறிவித்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் செல்போனில் என் மெயிலைத் திறந்து, "அப்படி இல்லையே" என்றாராம்.

அவர் என்னைத் திட்டவில்லை. அன்று மாலை போனில் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "புதன்கிழமையே தெரியும்னு உங்க பையன் சொன்னான் சார். எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா அந்தக் கூட்டத்துல நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் ரசீதில் எழுத்தின் அளவைக் கூட்டுவதைக்கூட எழுத்தில்தான் கேட்டார்.

அவருக்கும் ஒரு மேலதிகாரி இருக்கிறார். நம்மை நம்பி அவர் அங்கே வாக்குக் கொடுக்கிறார். நமக்கு மூன்று நாள் தாமதம், அவருக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவு. இந்த இரண்டும் ஒரே கணக்கில் வராது. இப்போது அவர் போடும் சிசி, இன்னொரு முறை நனையாமல் இருக்க அவர் பிடித்திருக்கும் குடை.

நான் செய்ததைச் சொல்கிறேன். நேரில் போய், தாமதத்துக்காக இல்லாமல், அவரிடம் சொல்லத் தாமதித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "உங்கள் கூட்டம் என்றைக்கு?" என்று கேட்டேன். அத்தனை மாதம் சேர்ந்து வேலை செய்தும் நான் அதைக் கேட்டிருக்கவில்லை. திங்கள் காலை பத்து மணி என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் மதியத்துக்கு முன்னால் பத்து நிமிடம் போன். முடிந்தது எது, முடியாதது எது, சந்தேகமாக இருப்பது எது என்று மூன்றே விஷயம். அந்த மூன்றாவதுதான் முக்கியம். நம்மில் பலர் சந்தேகத்தை உள்ளேயே வைத்திருந்து, அது உறுதியானதும்தான் சொல்கிறோம். அதற்குள் அவர் வெளியே வாக்குக் கொடுத்துவிட்டிருப்பார். போனில் சொன்னதை அன்றே நாலு வரி மெயிலாகவும் அனுப்பிவிடுவேன்.

சிசி உடனே நிற்கவில்லை, நாலு மாதம் ஆனது. ஒருநாள் எனக்கு மட்டும் ஒரு மெயில் வந்தது. ஏதோ ஒரு அறிக்கையின் தலைப்பு பற்றிய சாதாரண மெயில். அதைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: எல்லாத் தகவலும் வேலையைக் கண்காணிக்கும் டூலில் பதிவாகிறது. டிக்கெட் (ஒவ்வொரு வேலைக்கும் பிழைக்கும் போடும் பதிவு), மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு), ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் எல்லாம் இருக்கும்போது தனியாக எதற்குப் பேச வேண்டும்?

பதில்: 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அளவையில் கொடுக்க, இன்னொரு குழு அதை நியூட்டன் அளவை என்று எடுத்துக்கொண்டது. இவ்வளவு பலருக்கும் தெரியும். விசாரணைக் குழு அதோடு நிறுத்தவில்லை, குழுக்களுக்கு இடையே தகவல் பரிமாற்றம் போதவில்லை என்பதையும் ஒரு காரணமாக எழுதியது. கலம் போய்க்கொண்டிருந்தபோதே எண்கள் ஒத்துவரவில்லை என்று கவனித்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சந்தேகத்தைக் கையிலெடுத்து, தீரும்வரை யாரும் துரத்தவில்லை.

டூலில் பதிவு செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் "இந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது" என்று தயங்காமல் சொல்ல எதிர்ப்பக்கம் பழகிய ஆள் ஒருவர் வேண்டும். டிக்கெட்டில் யாரும் அப்படி எழுதுவதில்லை.

கேள்வி: கிளையன்ட் எங்களுக்கு மிகவும் நெருக்கமாகிவிட்டார். "தம்பி, இந்தச் சின்ன மாற்றம் மட்டும்" என்று வாரத்துக்கு நாலு வேலை சொல்கிறார். மறுத்தால் உறவு கெடும். செய்தால் என் டீம் படுத்துவிடும்.

பதில்: இலவசமாகச் செய்தாலும் சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றக் கோரிக்கை, எழுதுங்கள். கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம் போடுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்பதை மட்டும் உண்மையாக எழுதுங்கள். ஒரு புராஜெக்ட்டில் நான் இப்படி இரண்டு மாதம் குறித்துவைத்ததில் 31 சின்ன மாற்றங்கள் சேர்ந்தன, மொத்தம் பதினோரு வேலை நாள். அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். குற்றம் சாட்டவில்லை, "இதில் எது உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது?" என்று மட்டும் கேட்டேன். "இவ்வளவா சொன்னேன்?" என்று கேட்டவர், அடுத்த மாதத்துக்கு யோசித்து வைத்திருந்த பட்டியலில் பாதியைத் தானே அடித்துவிட்டார். நெருக்கம் இருப்பதால்தான் இப்படி ஒரு தாளை முன்னால் வைக்க முடிகிறது. தயங்காதீர்கள்.

கேள்வி: வேலை தாமதமாகிறது. இன்னும் நாலு பேரைப் போடுங்கள் என்று கிளையன்ட் பிடிவாதம் பிடிக்கிறார்.

பதில்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மின் பெரிய புராஜெக்ட் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்களின் நேரம் போகும். ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடிகளும் பெருகும். ஐந்து பேர் என்றால் 10 ஜோடி, ஒன்பது பேர் என்றால் 36. இதைக் கிளையன்ட் முன்னால் தாளில் புள்ளி வைத்து, கோடு போட்டுக் காட்டுங்கள். கோடுகள் நெருங்க நெருங்க அவருக்கே புரியும்.

பெரும்பாலும் அவருக்கும் ஆள் தேவைப்படாது. மேலே போய்ச் சொல்ல ஏதாவது ஒன்று தேவைப்படும். முழுதாக வேலை செய்யும் ஒரு சின்னப் பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கிளையன்ட் வேறு நாட்டில். முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. உறவு எப்படி வரும்?

பதில்: மென்பொருளைக் கடைசியில் பயன்படுத்தப்போகிறவரைத் தேடிப்பிடியுங்கள். மீட்டிங்குக்கு வருகிற மேலாளர் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார்.

ஒரு கிடங்கு மென்பொருளுக்காக, இருப்புக் கணக்கு எழுதும் பெண்மணி ஒருவரைத் திரையைப் பகிரச் சொன்னேன். "எனக்கு எதுவும் விளக்க வேண்டாம், உங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்று சொல்லி நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பொருளைப் பதிவதற்கு முன்னாலும் அவர் தலையை இடப்பக்கம் திருப்பினார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதும் கேமராவைத் திருப்பிக் காட்டினார். மானிட்டர் ஓரத்தில் பழுப்பேறிய ஒரு தாள், நாலு மூலையிலும் டேப். கையால் எழுதிய நாலு இலக்கக் குறியீடுகள் வரிசையாக இருந்தன. சில இடங்களில் அடித்து, மேலே வேறு மையில் திருத்தியிருந்தார். அந்தப் பழைய குறியீடுகளைத்தான் நாங்கள் புது சிஸ்டத்தில் மொத்தமாக எடுத்துவிட்டிருந்தோம். சைன்-ஆஃப் (இறுதி ஒப்புதல்) கொடுத்த மேலாளருக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. பழைய குறியீட்டைப் போட்டாலும் பொருள் வரும்படி மாற்ற எங்களுக்கு இரண்டே நாள்தான் ஆனது. அதன்பிறகு அவர் எனக்கே நேரடியாகப் போன் செய்ய ஆரம்பித்தார். பெரிய சிக்கல்கள் மூன்று, அந்தப் போன்களில்தான் முதலில் தெரிந்தன.

கேள்வி: கிளையன்ட் ஒருவர் கான்ஃபரன்ஸ் காலில், ஒரு பிழைக்காக, என் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கத்தித் தீர்த்துவிட்டார். நான் சும்மா இருந்துவிட்டேன். மனசு உறுத்துகிறது.

பதில்: உறுத்தத்தான் வேண்டும். அந்த இடத்திலேயே, "சார், இதற்குப் பொறுப்பு நான், என்னிடம் பேசுங்கள்" என்று குறுக்கிட்டிருக்க வேண்டும். இன்றே அந்தப் பெண்ணோடு உட்காருங்கள். அன்று பேசாமல் இருந்தது உங்கள் தவறு என்று அவரிடம் சொல்லிவிட்டு, பிழையைச் சேர்ந்து பாருங்கள். கிளையன்ட்டிடமும் தனியாகப் பேசி, இனி இப்படி நடக்கக் கூடாது என்று சொல்லுங்கள். பிழை சரியானதும் அதைக் கிளையன்ட்டுக்கு விளக்கும் வேலையை அந்தப் பெண்ணுக்கே கொடுங்கள். அந்த அழைப்பில் நீங்களும் இருங்கள், ஆனால் பேசாதீர்கள்.

என் டீமில் ஒரு பெண்ணை அப்படிப் பேசவைத்தேன். முதல் இரண்டு நிமிடம் குரல் நடுங்கியது, அப்புறம் சரியாகிவிட்டது. எங்கே தவறு நடந்தது, இனி அது நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறோம் என்று வரிசையாகச் சொன்னாள். கிளையன்ட் குறுக்கே பேசவில்லை. அதுவரை "உங்க ஆள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், முடிந்ததும் அவள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.