வாசகர் கேள்வி–பதில்: காசநோய்க்கான விரைவு மரபணுச் சோதனைகள்

கேள்வி: மூன்று வாரங்களாக இருமும் என் தந்தையின் சளியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்றார்கள். அதே வாரம் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையில் காசநோய் என்று வந்துவிட்டது. எதை நம்புவது?

பதில்: கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் முடிவை நம்பிச் சிகிச்சைக்கு ஆயத்தமாகுங்கள். இரண்டு முடிவுகளும் ஒரே சமயத்தில் சரியாக இருக்கலாம். நுண்ணோக்கியில் தென்பட வேண்டுமானால் ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்த முதல் எக்ஸ்பர்ட் சோதனைக்கு நூற்றுச் சொச்சம் போதும். 2017-இல் பரிந்துரை பெற்ற, அதன் மேம்பட்ட வடிவமான அல்ட்ரா, 16 இருந்தாலே கண்டுகொள்ளும். ஆனால் இந்த நுட்பமெல்லாம் நெஞ்சிலிருந்து காறி எடுத்த கெட்டிச் சளிக்குத்தான் பொருந்தும். வாயிலிருந்து துப்பிய எச்சிலைக் கொடுத்துவிட்டு, ‘கிருமி இல்லை’ என்ற அறிக்கையோடு நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் பலர்.

கேள்வி: ஓரிடத்தில் ஜீன் எக்ஸ்பர்ட், இன்னோரிடத்தில் ட்ரூநாட், வேறோரிடத்தில் எல்.பி.ஏ. என்கிறார்கள். இவற்றில் எது சிறந்தது?

பதில்: முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்பவை, மூன்றாவது, அவை விட்டுவைக்கும் ஒரு கேள்விக்கு விடை தருவது.

ஜீன் எக்ஸ்பர்ட்டில், சளியோடு இரு மடங்கு கரைசலைச் சேர்த்துக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்திருந்து, கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டிக்குள் விட்டு இயந்திரத்தில் பொருத்திவிட்டால், கழுவுவது, கிருமியை உடைப்பது, அதன் மரபணுவைப் பெருக்குவது எல்லாம் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே நடந்து, இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய் உண்டா என்பதும் ரிஃபாம்பிசின் என்னும் முக்கியக் காசநோய் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். தடைபடாத மின்சாரமும், 30 டிகிரிக்கு மேல் போகாத அறை வெப்பமும் அதற்குத் தேவை. கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட் பேட்டரியில் இயங்குவதால், குளிரூட்டாத சிறிய மையத்திலும் வைக்கலாம். 2020-இல் இதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். பிரித்தெடுத்த மரபணுக் கரைசலில் 6 மைக்ரோ லிட்டரைச் சிப்பில் இட்டு ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். காசநோய் உறுதியானால் மட்டும், மீதமுள்ள கரைசலை ரிஃபாம்பிசினுக்கான இரண்டாவது சிப்பில் இட வேண்டும். அந்த இரண்டாவது சிப் போடப்படாமலே அறிக்கை வந்துவிடுவதுண்டு என்பதால், ரிஃபாம்பிசின் பற்றிய வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிஃபாம்பிசினோடு சேர்த்துத் தரப்படும் ஐசோனியாசிடுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதை இவ்விரண்டும் வழக்கமான வடிவில் சொல்வதில்லை. அதைச் சொல்வது எல்.பி.ஏ. (லைன் ப்ரோப் அஸே) என்னும் பட்டைச் சோதனை. பெருக்கிய மரபணுவை ஒரு காகிதப் பட்டையில் படியவைத்து, அதில் எந்தக் கோடு தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்ப்பார்கள். கேட்-ஜி, இன்-எச்-ஏ என்னும் மரபணுக்களின் மாற்றங்கள் அதில் பிடிபடும். தனித்தனி அறைகள் கொண்ட ஆய்வகமும், பயிற்சி பெற்ற கைகளும், ஓரிரு நாள் அவகாசமும் வேண்டும். கிருமி குறைவான சளியில் பட்டை தெளிவாக விழாது. ஆகவே முதல் சோதனைக்கு ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் இரண்டில் அருகில் கிடைப்பதைச் செய்யுங்கள். காசநோய் உறுதியானால் ஐசோனியாசிட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இயந்திரத்தின் பெயருக்காக ஊர் ஊராக அலைந்து ஒரு வாரத்தை இழப்பது வீண்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் சிகிச்சையை முழுமையாக முடித்தேன். இப்போது அல்ட்ராவில் ‘ட்ரேஸ்’ என்று வந்திருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: இந்த ஒரு சொல்லை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. காசநோய்க் கிருமியின் மரபணுவில் பல பிரதிகளாக இருக்கும் இரு பகுதிகளை அல்ட்ரா தேடுகிறது. அவை மட்டும் அகப்பட்டு, ரிஃபாம்பிசினோடு தொடர்புடைய பகுதி அகப்படாதபோது ‘ட்ரேஸ்’ என்று எழுதும். அதனால்தான் உங்கள் அறிக்கையில் மருந்து எதிர்ப்பு பற்றிய விடை இராது. உயிருள்ள கிருமி, செத்த கிருமி என்ற பேதம் இச்சோதனைக்குத் தெரியாது. பழைய நோயின் மிச்சம் நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கலாம். குழந்தைகளிடமும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் ‘ட்ரேஸ்’ வந்தால் நோய் என்றே கொள்வார்கள். உங்களுக்கு அப்படியல்ல: இருமல், காய்ச்சல், எடைக்குறைவு உண்டா, மார்பு எக்ஸ்ரே பழைய படத்திலிருந்து மாறியிருக்கிறதா என்று பார்த்து, சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். அதன் முடிவு வர ஆறு வாரம் வரை ஆகலாம்.

கேள்வி: மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. குணமாகிறதா என்று அறிய மீண்டும் ஜீன் எக்ஸ்பர்ட் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். செத்த கிருமியையும் இச்சோதனை கண்டுகொள்ளும் என்பதால், நன்றாகத் தேறிவருபவருக்கும் ‘காசநோய் உண்டு’ என்றே அது காட்டக்கூடும். கிருமி குறைகிறதா என்பதற்கு நுண்ணோக்கியும், உயிரோடு இருக்கிறதா என்பதற்கு வளர்ப்புச் சோதனையும் இருக்கின்றன.