மின்வேலியை உடைக்கும் குதிரை: பெரிய கருவி வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு மின்வேலிக் கருவி ஒன்றும் வெள்ளை நாடாவும் வாங்கிப் பொருத்தினோம். கருவியின் பெட்டியில் ‘25 கிலோமீட்டர் வரை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் வேலி ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஆனாலும் எங்கள் காயடித்த குதிரை மார்பால் தள்ளி நாடாவை அறுத்துக்கொண்டு அடிக்கடி வெளியே போய்விடுகிறது. விற்றவரிடம் கேட்டால், இதைவிடப் பெரிய கருவியும் அறுபடாத எஃகுக் கம்பியும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் வாங்க வேண்டியது மின்வேலிக்கென்றே விற்கப்படும் வோல்ட் மீட்டர். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். வீட்டு ஒயரிங்கைச் சோதிக்கும் சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது. வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்துக்கு, பல ஆயிரம் வோல்ட் துடிப்பாக வந்து போகிறது. இதை அளக்க முயன்றால் சாதாரண மீட்டர் தவறான எண்ணைக் காட்டும், அல்லது பழுதாகும்.

மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். முதலில் வேலியைக் கழற்றிவிட்டுக் கருவியின் முனைகளில் மட்டும் அளக்க வேண்டும். பிறகு வேலியை இணைத்து அது தொடங்கும் இடத்தில். கடைசியாகக் கருவியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையில். குதிரையை நிறுத்த அந்தத் தொலைமூலையில் 3,000 வோல்ட்டாவது இருக்க வேண்டும். உரோமம் அடர்ந்த குதிரைக்கு 4,000 வோல்ட்டுக்கு மேல் இருப்பது நல்லது. தனியாக அளக்கும்போது 8,000 காட்டும் கருவி, வேலியை இணைத்ததும் 2,000க்கு இறங்கினால், மின்சாரம் வேலியில் எங்கோ கசிகிறது என்று பொருள்: நாடாவைத் தொடும் புல், வெடித்த இன்சுலேட்டர், இரும்புக் கம்பத்தில் உரசும் முனை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். இருட்டியபின் வேலியோரம் நடந்தால் ‘டிக் டிக்’ என்ற சத்தமும் சில நேரம் நீலப் பொறியும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தனியாக அளக்கும்போதே எண் குறைவாக இருந்தால் பேட்டரியையும் கருவியையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நன்றாக இருந்து தொலைமூலையில் மட்டும் விழுந்தால், குறை பெரும்பாலும் நாடாவில் இருக்கிறது.

பெட்டியில் உள்ள கிலோமீட்டர் கணக்கு, வாங்குபவரை அதிகம் ஏமாற்றும் எண் என்பது என் கருத்து. ஒற்றைக் கம்பி, அதைத் தொடும் ஒரு புல்லும் இல்லாத நிலம், குறையற்ற எர்த் ஆகிய நிலைமைகளை வைத்துத்தான் பெரும்பாலும் அந்த நீளம் சொல்லப்படுகிறது. மூன்று வரிசை கட்டினால் உங்கள் ஒரு கிலோமீட்டர் வேலி கருவிக்கு மூன்று கிலோமீட்டராகிவிடும் என்பதும் அதில் இருக்காது. ஒப்பிட வேண்டிய எண் ஜூல், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் உள்ள ஆற்றலின் அளவு. அதிலும் கருவிக்குள் சேமிக்கப்படும் ஜூல், வேலிக்கு வெளியேறும் ஜூல் என இரண்டு உண்டு. சேமிப்பு எண் எப்போதும் பெரியது என்பதால் விளம்பரத்தில் அதுவே முன்னால் நிற்கும். குதிரையைச் சென்றடைவது வெளியேறும் ஜூல் மட்டுமே என்பதால், இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது அந்த எண்ணை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இனி எர்த்துக்கு வருவோம். இத்தகைய புகார் எது வந்தாலும் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். கருவியிலிருந்து கிளம்பும் மின்சாரம் நாடா வழியாகக் குதிரையின் உடலுக்குள் புகுந்து, கால் வழியாக மண்ணில் இறங்கி, மண்ணில் அடித்த எர்த் கம்பி வழியாகக் கருவிக்குத் திரும்பினால்தான் சுற்று முழுமையாகும். பெட்டியோடு வரும் குட்டையான ஒற்றைக் கம்பி, வலுவான கருவிக்கு அனேகமாகப் போதாது. துத்தநாகப் பூச்சுள்ள, 1.5 முதல் 2 மீட்டர் நீளக் கம்பிகள் மூன்றையாவது ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளியில், முடிந்தவரை ஈரம் நிற்கும் மண்ணில், முழு ஆழத்துக்கும் அடித்து ஒரே வயரால் கோக்க வேண்டும். வீட்டு மின் இணைப்பின் எர்த்திலிருந்து இவை குறைந்தது 10 மீட்டர் தள்ளியிருக்கட்டும்.

எர்த் போதுமா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கருவியை நிறுத்திவிட்டு, அதிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் சில இரும்புக் கம்பிகளை மண்ணில் ஊன்றி வேலியின் மீது சாய்த்து வையுங்கள். மீண்டும் கருவியை இயக்கினால் வேலியின் மின்னழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் சில கம்பிகளைச் சேர்த்துச் சாய்க்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கருவியை நிறுத்திவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். இப்போது கடைசி எர்த் கம்பிக்கும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய தனிக் கம்பிக்கும் இடையே அளந்தால் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால், புதிய கருவிக்கு ஒதுக்கிய பணத்தின் ஒரு பகுதியை எர்த் கம்பிகளுக்குச் செலவிடுங்கள். வறண்ட, மணற்பாங்கான அல்லது பாறை நிலமாக இருந்து எத்தனை கம்பி அடித்தும் பயனில்லையென்றால், வேலியிலேயே ஒரு வரிசையை எர்த்தோடு இணைத்து, மின் வரிசையையும் எர்த் வரிசையையும் மாற்றி மாற்றிக் கட்டலாம். குதிரை இரண்டையும் சேர்த்துத் தொடும்போது மண்ணின் உதவி இல்லாமலே ஷாக் கிடைக்கும். காய்ந்த குளம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால், லாடம் அடிக்காத குதிரைக்குக் கோடையில் இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும்.

நாடாவை வாங்கும்போது அகலத்தையும் நிறத்தையும் பார்ப்பதோடு, மீட்டருக்கு எத்தனை ஓம் மின்தடை என்று உறையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எவர்சில்வர் இழைகள் மட்டும் உள்ள மலிவான நாடாவில் மின்தடை அதிகம். செம்பு இழைகள் கலந்ததில் அது மிகக் குறைவு. மீட்டருக்கு 10 ஓம் என்றால் 500 மீட்டரில் 5,000 ஓம் ஆகிவிடுகிறது. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கருவியும் தன் வலுவைக் கொண்டுசேர்க்க முடியாது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தால் உள்ளிருக்கும் இழைகள் ஒன்றோடொன்று சரியாகத் தொடுவதில்லை என்பதால், ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து உலோக இணைப்பான் போடுங்கள். உங்கள் நாடா அறுபட்டதாகச் சொல்வதால், இந்த வேலை அங்கே நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.

அறுபடாத எஃகுக் கம்பி பற்றிய யோசனையை ஒதுக்கிவிடுங்கள். மிரண்டு ஓடும் குதிரை மெல்லிய கம்பியில் சிக்கினால் கம்பி விட்டுக்கொடுக்காது, தோலும் தசையும் கிழியும். குதிரைக்குக் கட்டும் நாடா பெரும் இழுப்பில் அறுந்துவிடுவது குறையல்ல. அப்படித்தான் அது இருக்க வேண்டும். முள்கம்பியில் மின்சாரம் ஏற்றவே கூடாது. வேலியை ஒட்டிச் சாலை இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் மரச்சட்டம் போன்ற நிலையான தடுப்பை அமைத்து, அதன் உட்புறத்தில் நீண்ட இன்சுலேட்டர்களில் மின் நாடாவை ஓட்டுவதே சரியான செலவு.

கேள்வி: மின்சாரத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். உடைத்துப் பழகிவிட்ட குதிரை இனி வேலிக்குப் பயப்படுமா?

பதில்: பயப்படும், ஆனால் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்குக் கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. முதல் ஷாக் உடலின் எந்த இடத்தில் படுகிறது என்பதே முக்கியம். ஈரமான மூக்கில் பட்டால் குதிரை பின்வாங்கும். கழுத்துக்குப் பின்னாலோ மார்பிலோ பட்டால் முன்னோக்கிப் பாயும், வேலியும் அறுந்து போகும், தள்ளினால் வலி நின்றுவிடுகிறது என்ற பாடத்தையும் அது கற்றுக்கொள்ளும். உங்கள் குதிரை கற்றிருப்பது அநேகமாக இதைத்தான். ஆகவே, சுற்றிலும் உறுதியான மரவேலி உள்ள சிறிய அடைப்புக்குள், அந்த மரவேலிக்குச் சற்று முன்னால், மூக்கின் உயரத்தில் முழு வலுவுள்ள நாடாவைக் கட்டிப் பகல் வெளிச்சத்தில் குதிரையை அவிழ்த்துவிடுங்கள்; அது தானாகப் போய் மோந்து பார்க்கட்டும். கடிவாளத்தையோ தலைக்கயிற்றையோ பிடித்து இழுத்துப்போய் நாடாவில் உரசவைத்தால், வேலிக்குப் பதில் உங்களைக் கண்டுதான் அது அஞ்சும். அந்த நாட்களில் போர்வையும் போர்த்த வேண்டாம்; போர்வையும் அடர்ந்த பிடரி மயிரும் ஷாக்கை உடலுக்கு எட்டவிடாமல் தடுத்துவிடும்.

பழகிய பிறகு கருவியை ஒரு நாளும் நிறுத்தி வைக்காதீர்கள். சில குதிரைகள் மீசை மயிரை நாடாவுக்கு அருகில் நீட்டியே மின்சாரம் இருக்கிறதா என்று அறிந்துகொள்கின்றன. பேட்டரி தீர்ந்த ஓர் இரவு போதும், பழைய பழக்கம் திரும்பிவிடும்.

வேலியின் உயரத்தையும் பாருங்கள். பெரிய குதிரைக்கு மேல் வரிசை 1.2 முதல் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கால் நுழையாமல் இருக்கக் கீழ் வரிசை தரையிலிருந்து அரை மீட்டரை ஒட்டி இருக்கட்டும். 40 மில்லிமீட்டர் அகல நாடா தொலைவிலிருந்தே தெரியும், ஆனால் காற்றில் படபடத்து விரைவில் தேயும். காற்று அதிகமுள்ள இடத்தில் தடித்த மின்கயிறு நீடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் தள்ளினால், வெளியே எதைத் தேடிப் போகிறது என்று கவனியுங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7.5 முதல் 10 கிலோ உலர்தீவனம் வேண்டும். உள்ளே புல் மொட்டையாகி, வேலிக்கு அப்பால் பச்சை தெரிந்தால் எந்த வோல்ட்டும் அதை நெடுநாள் நிறுத்தாது. தனியாக நிற்கும் குதிரையும் அப்படித்தான்: அது கூட்டமாக வாழும் விலங்கு என்பதால், அடுத்த நிலத்தில் இன்னொரு குதிரை கனைத்தால் ஷாக்கைத் தாங்கிக்கொண்டும் போகும். இதற்கான துணையையும் வைக்கோலையும் வேலிச் செலவோடு சேர்த்துக் கணக்கிடுவதே நியாயம்.

கேள்வி: இரண்டு சிறிய கருவிகளை ஒரே வேலியில் இணைத்தால் பெரியது வாங்கும் செலவு மிஞ்சுமா?

பதில்: கூடாது. இரண்டு கருவிகளின் துடிப்புகள் வெவ்வேறு நேரத்தில் வருவதால், ஷாக்குகளுக்கு இடையே விடுபட்டு விலக உயிருக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வினாடி இடைவெளி இல்லாமல் போய்விடும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது மனிதரையும் விலங்கையும் கொல்லும் செயல். அதைச் சிக்கன வழியாக யாராவது சொன்னால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள். சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐஇசி 60335-2-76க்கு உட்பட்டது என்று கருவியின் மீது எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கருவியிலேயே குறை என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேலியைக் கழற்றிவிட்டு, முழுதாக ஏற்றிய பேட்டரியில் இயக்கி, கருவியின் முனைகளில் மட்டும் எடுத்த அளவே உங்களுக்கு ஆதாரம். மீட்டர் தெரியுமாறு அதைப் படமெடுத்து, கையேட்டில் சொன்ன வோல்ட்டோடு ஒப்பிட்டு, ரசீதோடு எழுத்தில் புகார் கொடுங்கள். வேலியை இணைத்த நிலையில் எடுத்த அளவைக் காட்டினால், உங்கள் வேலியில்தான் குறை என்று விற்றவர் சொல்வார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கருவியைத் திறந்து பார்க்காதீர்கள், திறந்தால் உத்தரவாதம் போய்விடும். இடி மின்னலால் ஏற்படும் சேதத்தைப் பல உத்தரவாதங்கள் விலக்கிவிடுகின்றன என்பதால், மாற்றுக் கருவி வந்ததும் அதற்கும் வேலிக்கும் இடையே இடிதாங்கி இணைப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.