வீட்டில் அசெம்பிள் செய்த கணினியில் ஒலி தானாகக் குறைவது ஏன்?

வீடியோ அழைப்பு வந்ததும் பாட்டுச் சத்தம் அமுங்குகிறதா? இதற்கு ‘டக்கிங்’ என்று பெயர். பேச்சு தெளிவாகக் கேட்க, விண்டோஸ் மற்ற ஒலிகளை 80% குறைத்துவிடும். நிறுவியதும் இருக்கும் அமைப்பே அதுதான். போன் மணி அடித்ததும் வீட்டில் யாராவது டிவியைக் குறைப்பதுபோல. இது வேண்டாமென்றால் கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், அதில் கம்யூனிகேஷன்ஸ் பக்கம், அங்கே ‘டூ நத்திங்’. ஓகே கொடுங்கள், போதும்.

அழைப்பே இல்லாமல், கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் மட்டும் ஒலி மெலிந்தோ ஒரு காதிலோ கேட்டால் காரணம் வேறு. முன்பக்க ஜாக்கின் வயர் வந்து சேரும் இடத்தில், மதர்போர்டின் ஓரத்தில், ‘எச்டி ஆடியோ’ பின்கள் 9 இருக்கும். பத்தாவதற்கான இடம் காலி. கரண்டைப் பிடுங்கிவிட்டு, வளைந்த பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, அந்த வயரின் இணைப்பை நேராக அழுத்திச் செருகுங்கள்.

சவுண்ட் சிப் போய்விட்டது என்று பலர் உடனே புதிய கார்டு வாங்குகிறார்கள். பின்பக்கப் பச்சை ஜாக்கில் சரியாகக் கேட்டால் பெரும்பாலும் சிப்பில் பழுதிருக்காது.