சேனல் திருப்பி அனுப்பிய வீடியோ: சில கேள்விகள், பதில்கள்

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர்: மாசிமகத் தீர்த்தவாரி பற்றிய படம். ஒலி மீட்டரில் -23 சரியாக இருக்கிறது. ஆனால் பேட்டி கேட்கவே இல்லை என்கிறார்கள். ஏன்?

மீட்டரில் தப்பில்லை. ஒலி அளவுக்கான ஐரோப்பிய ஆர்128 விதி கேட்கும் -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்பது முழு நிகழ்ச்சிக்கும் சேர்த்து எடுக்கும் கணக்கு, அதிலும் சத்தம் ரொம்பக் குறைவான இடங்களை மீட்டர் கணக்கில் சேர்க்காது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் தவிலும் நாயனமும் உச்சத்தில் போகும் பகுதிகள் அளவை ஏற்றியிருக்கும், அதைச் சரிக்கட்ட நீங்கள் மொத்தத்தையும் இறக்கியிருப்பீர்கள், பேட்டியும் சேர்ந்து இறங்கிவிட்டது. முதலில் பேச்சை மட்டும் -23 பக்கத்தில் நிறுத்துங்கள். அப்புறம் மேளத்தை அதற்குப் பொருந்தும்படி இறக்கி, கடைசியில் முழுசாக அளந்து பாருங்கள். ட்ரூ பீக், அதாவது ஒலி எட்டும் உண்மையான உச்சம், -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. யூடியூபுக்காகச் சத்தமாக மிக்ஸ் செய்த ஃபைலை அப்படியே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து: போனில் நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்துவிட்டேன், சேனல் 25 கேட்கிறது.

சும்மா 25 டைம்லைனில் போட்டால் ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று விழுந்துவிடும், கேமரா நகரும் ஷாட்டில் அந்தத் தடுக்கல் பளிச்சென்று தெரியும். சத்தம் தேவைப்படாத ஷாட்கள், அதாவது அலை, கொடி, பீச் ரோட்டில் நடக்கிற கூட்டம் இவற்றையெல்லாம் 83.33 சதவீத வேகத்தில் ஓட்டுங்கள், ஒரு ஃப்ரேமும் தொலையாது, கொஞ்சம் நிதானமாகத் தெரிவது அழகாகவே இருக்கும். பேசுகிற ஷாட்டுக்கு ஆப்டிகல் ஃப்ளோ, அதாவது அசைவைக் கணக்கிட்டு இடைப்பட்ட ஃப்ரேம்களைப் புதிதாக உருவாக்கும் முறை. ஆனால் கை வேகமாக ஆடும் இடத்தில் விரல்கள் கரைந்து போகும், ஒவ்வொரு ஷாட்டாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, போன்கள் பெரும்பாலும் ஃப்ரேம் வேகத்தை நடுவில் மாற்றிக்கொள்ளும். எடிட்டுக்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உதட்டசைவு விலகும். அடுத்த முறை 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் மினுங்கலும் குறையும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: 1080ஐ50 எக்ஸ்போர்ட் செய்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரிகிறதே?

1080ஐ50-ல் ஒவ்வொரு படமும் வரிவிட்டு வரி எடுத்த இரண்டு பாதிகளாக, அதாவது ஃபீல்டுகளாக, வரும். கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும், பிழை இல்லை. பயந்துபோய் டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது பாதிகளை ஒன்றாக்கி, விடாதீர்கள். பார்க்க வேண்டியது ஃபீல்ட் வரிசை, எச்டியில் மேல் ஃபீல்ட் முதலில். மாறிப்போனால் தேர் முன்னும் பின்னும் உதறிக்கொண்டே நகரும். இந்த ஒரு தவறால் ஒரு இரவு முழுக்க நான் மறுபடி ரெண்டர் போட்டிருக்கிறேன்.

வில்லியனூரிலிருந்து: கோயில் எல்இடி விளக்கு வரும் ஷாட்களில் கலர் வரம்பு மீறல் என்று ரிப்போர்ட். வேவ்ஃபார்மில் (பிரகாச அளவைக் காட்டும் வரைபடம்) எதுவும் தெரியவில்லை.

லூமாவை, அதாவது பிரகாசத்தை மட்டும், பார்த்தால் தெரியாதுதான். எச்டி நிறத்துக்கான 709 தரத்தின் கணக்கில் பிரகாசத்துக்கு நீலம் தருவது 7 சதவீதம்தான், நீலம் எகிறினாலும் லூமா கீழேயே கிடக்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி பரேடைத் திறந்து பாருங்கள், நீலம் 105 சதவீதத்துக்கு மேலும் சிவப்பு -5 சதவீதத்துக்குக் கீழும் போயிருக்கும். அந்த நீலத்தின் செறிவை மட்டும் குறையுங்கள். வரம்பு மீறியதை வெட்டும் லிமிட்டர் கடைசிக் காவலுக்கு மட்டும். அதையே முழு வேலைக்கும் நம்பினால் விளக்கைச் சுற்றி தட்டையான நீலத் திட்டுதான் மிஞ்சும்.

அதே ஷாட்டில் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? திரையின் கால் பங்குக்கு மேலான பரப்பில் நொடிக்கு 3 பளிச்சிடலுக்கு மேல் வரக் கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனின் சிவப்பு நீல மின்னலால் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, அந்த இடத்தை வெட்டுங்கள்.

நெல்லித்தோப்பிலிருந்து: பெயர்ப் பட்டையை எவ்வளவு உள்ளே வைப்பது?

நாலு பக்கமும் 5 சதவீதம்.