சிப்பிப் பாறைக்கு வினிகர் வேண்டாம்

கேள்வி: அரியலூர் சுண்ணாம்புக்கல் ஒன்றில் தடித்த சிப்பி பதிந்திருக்கிறது. வினிகரில் ஊறவைத்தால் தனியே வந்துவிடுமா?
- வாசகி, பெரம்பலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். சிப்பியும் கால்சியம் கார்பனேட், அதைப் பிடித்திருக்கும் கல்லும் பெரும்பாலும் அதுவே. வினிகர் பட்டால் இரண்டும் நுரைக்கும். கல் கரைவதற்குள் சிப்பியின் வளர்ச்சி வரிகள் மழுங்கிவிடும். இனம் கண்டறிய அந்த வரிகள் அவசியம்.

கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல் என்றால் அது கிரைஃபியா வகை ஆளியாக (கனத்த ஓடுள்ள கடல் சிப்பி) இருக்கலாம். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தின் கடைசிக் கட்டத்தில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே ஆழமற்ற கடல் இருந்தது. ஒரு ஓடு கிண்ணம்போல் வளைந்து கனத்திருக்கும், மற்றது மூடிபோல் தட்டை. ஆளியின் ஓடு கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் உறுதியான வடிவம் என்பதால் இத்தனை காலம் தாங்கியது. அம்மோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரி), நத்தை ஆகியவற்றின் ஓடுகள் அதன் இன்னொரு வடிவமான அரகோனைட், எளிதில் கரையும். அதனால் பல இடங்களில் ஓடு போய், உள்ளே புகுந்து இறுகிய சேற்றின் அச்சு மட்டுமே கிடைக்கிறது. அதுவும் புதைபடிவம்தான், தூக்கி எறியாதீர்கள்.

சுத்தம் செய்ய முதலில் கல்லின் ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். களிமண் கலந்த கல் நீரை உறிஞ்சி உப்பும், ஊறவைத்தால் சிப்பியோடு பிளக்கும். அப்படியானால் காய்ந்த பிரஷ் மட்டும் போதும். கெட்டியான கல் என்றால் இரவு முழுக்க நீரில் வைத்து, மென்மையான டூத் பிரஷால் தேயுங்கள். மிச்சத்தை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து ஊசியால் நெம்புங்கள். ஊசி முனை எப்போதும் சிப்பிக்கு எதிர்ப்பக்கம் போகட்டும். ஆளி ஓடு ஏடு ஏடாக அமைந்தது. இடுக்கில் ஊசி நுழைந்தால் மேல் ஏடு அப்படியே பெயர்ந்துவிடும். நிழலில் உலர்த்துங்கள். வார்னிஷ் பூசாதீர்கள். எடுத்த இடம், அடுக்கு, தேதி மூன்றையும் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். இடம் தெரியாத சிப்பியால் ஆய்வாளருக்குப் பெரிய பயன் இல்லை.

கேள்வி: எங்கள் ஓடையில் பந்துபோன்ற கற்கள் கிடைக்கின்றன. டைனோசர் முட்டையா?
- வாசகர், அரியலூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. சிப்பியையோ அம்மோனைட்டையோ மையமாக வைத்துக் கனிமம் திரண்டு உருவான உருண்டைகள் இப்பகுதியில் உண்டு. முட்டை என்றால் வெளிப்புறத்தில் மெல்லிய ஓடு தனி அடுக்காகத் தெரியும், லென்ஸில் நுண்துளைகளும் புடைப்புகளும் இருக்கும். உங்கள் கல்லை உடைக்க வேண்டாம். ஏற்கெனவே உடைந்த ஒன்றைப் பாருங்கள். ஓடே இல்லாமல் விளிம்புவரை ஒரே கல்லாக இருந்தால் அது முட்டை அல்ல. இப்பகுதிச் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது. டைனோசர் எலும்புகள் கிடைத்தது அதற்கு மேலுள்ள, கல்லமேடு எனப்படும் பாறை அடுக்கில்.