ஆற்றங்கரையும் பறவைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நகரின் நடுவே ஓடும் ஆற்றின் இரு கரைகளிலும் சுவர் எழுப்பி, நடைபாதையும் பூங்காவும் அமைக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். நிறைய மரக்கன்றுகளும் நடுவார்களாம். தண்ணீரில் யாரும் கை வைக்கப்போவதில்லை என்னும்போது, பறவைகளுக்கு இதனால் என்ன கேடு வந்துவிடும்?

பதில்: ஆற்றுப் பறவைகளில் பெரும்பாலானவை நடு ஆற்றை நம்பி வாழ்பவை அல்ல. நீரும் நிலமும் சேரும் அந்தச் சில மீட்டர் சரிவில்தான் அவற்றின் இரையும் கூடும் இருக்கின்றன. உப்புக்கொத்தி ஈரச் சேற்றின் மேல் ஓடி ஓடிப் பூச்சிகளைப் பொறுக்கும்; உள்ளான் ஒரு விரற்கடை நீரில் நின்று அலகைச் சேற்றுக்குள் செலுத்தும்; நெடுங்கால் உள்ளானும் கொக்கும் இன்னும் சற்று ஆழத்துக்கு இறங்கும். கால் நீளமும் அலகு நீளமும் வேறுபடுவதால், ஒரே சரிவில் பல வகைப் பறவைகள் ஒன்றுக்கொன்று போட்டியில்லாமல் பசியாறுகின்றன. அந்த இடத்தில் செங்குத்தான சுவர் எழுந்தால், காய்ந்த தரைக்கும் ஆழமான நீருக்கும் இடையே எதுவுமே மிஞ்சுவதில்லை. தண்ணீர் அப்படியேதான் இருக்கும். ஆனால் இறங்கி நிற்க இடம் இருக்காது.

கூடுகளின் நிலையும் இதுவே. மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் செங்குத்தான மண்கரையில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. கற்சுவரில் அவை என்ன செய்ய முடியும்? ஆற்று ஆலாவும் பட்டாணி உப்புக்கொத்தியும் வெறும் மணலிலோ சரளைக்கற்களுக்கு நடுவிலோ முட்டையிடுகின்றன. தாழைக்கோழிக்கு நாணலும் கோரையும் வேண்டும். மரம் நடுவது நல்ல காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை, கொக்குகளும் நீர்க்காகங்களும் மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. ஆயினும் ஒரு கன்று அவற்றைத் தாங்கும் மரமாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதோடு, திறந்த மணல்வெளியில் வரிசையாக மரம் நட்டால், தரையில் முட்டையிடும் ஆள்காட்டி போன்ற பறவைகள் அவ்விடத்தைக் கைவிட்டுவிடுகின்றன, ஏனெனில் முட்டை திருடும் காகங்களும் குஞ்சு பிடிக்கும் வல்லூறுகளும் அமர்ந்து நோட்டமிட அந்த மரக்கிளைகளே வசதியாகின்றன. எனவே, எத்தனை மரம் நடுவார்கள் என்பதைவிட, கரையின் சரிவை எவ்வளவு தூரத்துக்கு அப்படியே விட்டுவைப்பார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆறு சாக்கடையாகிவிட்டது என்பது உண்மை. ஆனாலும் குளிர்காலத்தில் பெருங்கூட்டமாகப் பறவைகள் வருகின்றன. "இவ்வளவு பறவைகள் வருகின்றன என்றால் ஆறு நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார் ஒரு நண்பர், "சாக்கடையில் மேயும் பறவைகளுக்காக நல்ல திட்டத்தை நிறுத்துவதா?" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியல்ல. கழிவுநீர் கலந்த சேற்றில் கொசுவைப் போன்ற ஒருவகைப் பூச்சியின் சிவந்த புழுக்கள் மிகுதியாகப் பெருகும். குறைந்த உயிர்வளியிலும் (ஆக்சிஜன்) பிழைக்கும் அந்தப் புழுக்களைத் தேடித்தான் நெடுங்கால் உள்ளான்களும் சிலவகை வாத்துகளும் கூட்டமாக வருகின்றன. ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நீர் கெடக்கெட மீன்கள் குறையும்; மீனையே நம்பியிருக்கும் ஆலாவும் மீன்கொத்தியும் ஓசையின்றி மறைந்துபோகும். எத்தனை பறவைகள் என்பதோடு எத்தனை வகைகள் என்பதையும் எண்ணுபவருக்கே இந்த இழப்பு தெரியும். வெப்பமான, உயிர்வளி குன்றிய நீரில் போட்டுலிசம் என்னும் நச்சுநோய் பரவி நீர்ப்பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிவதும் உண்டு.

ஆற்றில் கழிவுநீர் கலப்பது நிற்கத்தான் வேண்டும். ஆனால் அது குழாயிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் நடக்க வேண்டிய வேலை; கரையில் பளிங்குக்கல் பதிப்பதால் ஆற்றில் விழும் சாக்கடை ஒரு குடமும் குறைவதில்லை. 1938 வெள்ளத்துக்குப் பின் பெரும்பகுதி சிமெண்டுக் கால்வாயாக மாற்றப்பட்ட லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றில்கூட, கடலை நெருங்கும் பகுதியில் சிமெண்டுத் தளத்தின் மேல் மெல்லிய படலமாக ஓடும் நீரில், வலசை போகும் கரைப்பறவைகள் இறங்கி இரை தேடுகின்றன. சிமெண்டு நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆழமற்ற நீருக்காக அவை எவ்வளவு ஏங்குகின்றன என்பதையே இது காட்டுகிறது.

கேள்வி: குறுக்கே தடுப்பணை கட்டி ஆண்டு முழுவதும் தண்ணீர் நிறுத்தினால் நீர்ப்பறவைகள் பெருகாதா?

பதில்: முக்குளிப்பானும் நீர்க்காகமும் வரும். சேற்றிலும் மணல்திட்டிலும் வாழ்பவை போய்விடும். ஓட்டமில்லாத நீரில் ஆகாயத்தாமரை மூடிக்கொண்டால் முதலில் சொன்னவையும் நிலைப்பதில்லை.

கேள்வி: பறவைகள் மீது எனக்கும் பரிவு உண்டு. ஆனால் சுவர் இல்லாவிட்டால் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிடுமே? மனிதர்களைக் காப்பது முதற்கடமை அல்லவா?

பதில்: முதற்கடமைதான். அதனால்தான் சுவர் எங்கே நிற்கிறது என்பது முக்கியமாகிறது. ஆற்றை ஒட்டியே சுவர் வைத்து அதன் அகலத்தைக் குறைத்தால், அதே அளவு வெள்ளம் குறுகிய இடத்தில் மேலும் உயர்ந்தும் விரைந்தும் பாய்ந்து, கீழே உள்ள அடுத்த குடியிருப்பைத் தாக்கும். கரையைத் தள்ளி வைத்து, வெள்ளம் பரவ இடம் விட்டால் மனிதருக்கும் பாதுகாப்பு, பறவைக்கும் இடம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2000 முதல் 2011 வரை இசார் ஆற்றின் 8 கிலோமீட்டர் நீளத்தில் இதைத்தான் செய்தார்கள். பழைய கட்டுமானத்தைப் பெயர்த்து, ஆற்றுப்படுகையை அகலமாக்கி, கரைகளைத் தாழ்சரிவாக்கி, சரளைத் திட்டுகள் உருவாக விட்டார்கள். வெள்ளத்தடுப்புக் கரைகளையும் வலுப்படுத்தினார்கள். சிங்கப்பூரின் பீஷான் – ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான சிமெண்டுக் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் திறக்கப்பட்ட அந்த இடம் மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது, மற்ற நாள்களில் மக்கள் உலவும் பூங்காவாக இருக்கிறது. நெருக்கமான நகரத்தில் இடம் எங்கே என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

பலரும் முன்மாதிரியாகச் சொல்லும் சியோல் நகரின் சியோங்கேச்சான் ஓடை வேறு வகை. மேம்பாலச் சாலையை அகற்றி 2005இல் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மின்விசையால் ஏற்றப்படுகிறது. இழந்த ஓடைக்கு ஈடாக அதை ஏற்கலாம். உயிரோடு ஓடும் ஆற்றை அந்த அச்சில் வார்க்க வேண்டிய தேவை இல்லை.

கேள்வி: திட்டம் எப்படியும் வரும் என்கிறார்கள். எங்களைப் போன்ற சாதாரண மக்கள் எதைக் கேட்பது?

பதில்: விளம்பர ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிராமல், ஆற்றின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். பழைய கரை எங்கே, புதிய சுவர் எங்கே, பெருவெள்ள மட்டம் எது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். நடைபாதை மேட்டிலேயே அமையட்டும், ஒரு கரையிலாவது விளக்கு வேண்டாம், மணல்திட்டுகளை வாரக்கூடாது, முட்டையிடும் மாதங்களில் இயந்திரம் இறங்கக்கூடாது. இவை எல்லாமே பணி தொடங்கும் முன் எழுத்தில் பெறக்கூடியவை.

கையில் பதிவு இல்லாமல் பேசப் போகாதீர்கள். "இங்கே பறவைகளே இல்லை" என்று ஓர் அறிக்கை எழுதப்பட்டுவிட்டால், அதை மறுக்க உங்கள் நினைவு மட்டும் போதாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மாதம் இருமுறை எண்ணி, தேதியோடு எழுதிவைத்து, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்திலும் பதிவேற்றுங்கள். 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் உங்கள் ஆற்றைச் சேர்க்க முயலுங்கள். கூடு கண்டால் தொலைவிலிருந்தே குறித்துக்கொண்டு விலகிவிடுங்கள். நீங்கள் அருகில் நிற்கும் வரை தாய்ப்பறவை திரும்பாது. வெயிலில் கிடக்கும் முட்டை அதற்குள் வெந்துவிடும்.