நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்த முன்னோரைச் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பெருமையாக நினைக்கின்றனவா?

எங்கள் வீட்டில் நினைக்கிறோம். கூடவே ஒரு உறுத்தலும் உண்டு.

என் தாத்தாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. மூவரும் ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து, பாடாங் திடலில் ஐஎன்ஏ படையைப் பார்வையிட்டுப் பேசினார். அந்தப் பேச்சு தோட்டம் வரை வந்து சேர்ந்த சூட்டில் பெரிய தாத்தா ஐஎன்ஏவில் சேர்ந்துவிட்டார். துரைக்கும் கங்காணிக்கும் தலைகுனிந்தே பழகிய ஆள், காக்கிச் சட்டையில் நிமிர்ந்து நிற்கும் படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. பர்மா வரை போய், காய்ச்சலோடு உயிர் தப்பி வந்தார்.

சின்னத் தாத்தாவுக்குப் படம் கிடையாது. அதே ஆண்டு, "மூணு மாச வேலை" என்று ஜப்பானியர்கள் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர். காலராவும் மலேரியாவும் ஆசியத் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றன. நேச நாட்டுக் கைதிகளுக்காவது பெயர்ப் பதிவு இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்கள் காட்டோடு போனார்கள்.

இப்போது உறுத்தல் புரியும். ஐஎன்ஏ ஜப்பானியர்களோடு சேர்ந்துதான் பிரிட்டிஷாரை எதிர்த்தது. அண்ணன் யாரோடு தோள் சேர்ந்து போருக்குப் போனாரோ, அவர்கள்தான் தம்பியைக் கொண்டுபோனவர்கள். என் அப்பா சிறுவயதில் இதை நேராகவே கேட்டுவிட்டாராம். பெரிய தாத்தா பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைக்காரன் போக வேண்டும் என்று நினைத்தது தப்பா? ஆனால் அந்தப் படத்தை மட்டும் காட்டிப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன், சரி.

எஸ்பிளனேட் பூங்காவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய ஐஎன்ஏ நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கொஞ்சம் தள்ளி பிரிட்டிஷாரின் போர் நினைவுச்சின்னம். அங்கிருந்து நடந்தே பீச் ரோடு போகலாம்; ஜப்பானியர் ஆட்சியில் இங்கே மாண்ட பொதுமக்களுக்காக 1967இல் திறந்த நான்கு தூண்கள் நிற்கின்றன. அதில் ஒன்று இந்தியர்களுக்கு. சின்னத் தாத்தா அதிலும் சேரமாட்டார், அவர் இறந்தது சயாமில்.

இறந்த தேதி தெரியாததால் அவருக்குத் திதி கொடுக்க வழியில்லை. பாட்டிதான் ஆடி அமாவாசையை அவருக்கென்று எடுத்துக்கொண்டார். இப்போது ஈசூன் வீட்டில் என் அம்மா படைக்கிறார். பெரிய தாத்தா படத்துக்கு மாலை போட்டுவிட்டு, பக்கத்தில் வெறும் சுவரை ஒட்டி இன்னொரு இலை போடுவார்.